அதிர்வும் அசைவும்: நிலத்தை அளக்கும் இரு கலைகள்

நாம் அசையாதது என்று எண்ணி நிற்கும் நிலம் இருவகையாக அசைகிறது. ஒன்று, நொடிகளில் நிகழ்ந்து முடியும் அதிர்வு. மற்றொன்று, ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் அளவில், எவரும் உணராவண்ணம் நிகழும் நகர்வு. முன்னதை நிலநடுக்கமானி பதிவு செய்கிறது. பின்னதைப் புவியளவையியல் கணக்கிடுகிறது. ஒன்றின்றி மற்றொன்று நிறைவு பெறாது என்னும் உண்மையைக் கடலூர்க் கரை பெருவிலை கொடுத்துக் கற்றுக்கொண்டது.

புவியளவையியல் பழமை வாய்ந்த கலையாகும். பதினோராம் நூற்றாண்டுப் பேரறிஞர் அபூரைஹான் அல்பிரூனி, பஞ்சாபின் நந்தனாக் கோட்டையருகே ஒரு மலையின் உயரத்தை அளந்தார். அதன் உச்சியிலிருந்து தொடுவானம் எவ்வளவு தாழ்ந்து தெரிகிறது என்று நோக்கினார். அவ்விரண்டைக் கொண்டே புவியின் ஆரத்தைக் கணித்தார். ஊர்களின் இருப்பிடத்தைத் துல்லியமாக வரையறுப்பதும், அதன்வழிக் கிப்லாவின் திசையை அறிவதும் 'தஹ்தீத்' என்னும் அவரது அரபு நூலின் நோக்கங்களாகும். நமது மாநிலத்தில் 1802ஆம் ஆண்டு சென்னைப் பரங்கிமலையருகே வில்லியம் லாம்டன் ஓர் அடிக்கோட்டை அளந்து, இந்தியாவின் பெரும் முக்கோண அளவைக்கு அடித்தளமிட்டார். அன்று கோணமானியும் சங்கிலியும் செய்த பணியை இன்று செயற்கைக்கோள்களின் துணையுடன் ஜி.பி.எஸ். கருவிகள் மில்லிமீட்டர் நுட்பத்துடன் செய்கின்றன.

இனி நமது கடலுக்கு வருவோம். வங்கக் கடலின் கிழக்கே, அந்தமான் - சுமத்ரா வளைவில், இந்தியப் புவித்தட்டு அண்டைத் தட்டின் அடியில் புகுந்து செல்கிறது. இரு தட்டுகளும் உரசும் இடம் பூட்டிக்கொண்டால், மேல்தட்டு வில்லைப்போல் மெல்ல மெல்ல வளைந்து இறுக்கத்தைச் சேமிக்கிறது. 2004 டிசம்பர் 26 காலை சுமார் 6.29 மணிக்கு அப்பூட்டு அறுந்தது. ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் நீளத்திற்கு, பத்து நிமிடங்களுக்குள், பாறை பிளந்து நழுவியது. கடலடித்தரை மேலெழும்பி, தன்மேல் நின்ற நீர் முழுவதையும் உயர்த்தியது. அதனால் எழுந்த அலையே இரண்டு மணி நேரத்திற்கும் மேலாகப் பயணம் செய்து தேவனாம்பட்டினத்தையும், சிதம்பரத்தை அடுத்த கிள்ளை, பரங்கிப்பேட்டைப் பகுதிகளையும் தாக்கிற்று. கடலூர் மாவட்டத்தில் மட்டும் அறுநூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

அந்த இரண்டு மணி நேரத்தில் கருவிகள் கூறியதென்ன? ஹவாயில் உள்ள பசிபிக் எச்சரிக்கை மையம் கால்மணி நேரத்தில் வெளியிட்ட முதல் மதிப்பீடு 8.0. ஒரு மணி நேரத்திற்குப் பின் அது 8.5 ஆயிற்று. உண்மை அளவோ 9.1. எண்ணில் இவ்வேறுபாடு சிறிதாகத் தோன்றலாம். வெளிப்பட்ட ஆற்றலிலோ 8.0க்கும் 9.1க்கும் இடையே நாற்பது மடங்குக்கும் மேற்பட்ட வேறுபாடு உண்டு. விரைவான அலைகளை மட்டும் கொண்டு கணித்தால் மிகப்பெரிய நிலநடுக்கங்களின் முழு அளவு புலப்படாது. நிலம் எவ்வளவு நகர்ந்தது என்று அளந்தால் அது மேலும் தெளிவாகும். போர்ட்பிளேர் சுமார் மூன்று மீட்டர் நகர்ந்திருந்தது. இந்திரா முனை நான்கு மீட்டருக்கும் மேல் தாழ்ந்திருந்தது. வட அந்தமானின் மேற்குக் கரையோ உயர்ந்து, பவளப்பாறைகள் நீருக்கு மேல் தெரிந்தன. தாய்லாந்தின் புக்கெட்டும் 27 சென்டிமீட்டர் மேற்கே நகர்ந்தது. பிளவின் நீளத்தையும் நழுவலின் அளவையும் உறுதி செய்ய இவ்வளவைகள் துணைநின்றன. ஆயினும் இவை அனைத்தும் பேரழிவுக்குப் பின்னரே திரட்டப்பட்டவை.

இவ்வளைவு முன்னரும் தன் இயல்பைக் காட்டியதுண்டு. 1881 டிசம்பர் 31 அன்று கார் நிக்கோபார் அருகே நிகழ்ந்த நிலநடுக்கத்தின் அலையைச் சென்னை, நாகப்பட்டினம் முதலிய துறைமுகங்களின் அலைமானிகள் பதிவு செய்திருந்தன. அலையின் உயரம் ஒரு மீட்டரை எட்டாததால் அப்பதிவு ஏட்டிலேயே உறங்கிற்று.

ஐதராபாத்தில் 2007 அக்டோபரில் இந்திய ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் நிறுவப்பட்டது. நிலநடுக்கமானிகளுடன் கடலடி அழுத்தமானிகளும் கரையோர அலைமானிகளும் அதற்குச் செய்தி அனுப்புகின்றன. அந்தமான் நிக்கோபார் தீவுகளில் ஜி.பி.எஸ். நிலையங்களும் பின்னர் அமைக்கப்பட்டன. 2012 ஏப்ரல் 11 அன்று சுமத்ராவுக்கு மேற்கே 8.6 அளவில் நிலம் அதிர்ந்தபோது நமது கரையோர மக்கள் பதறி வெளியேறினர், பேரலை வரவில்லை. அன்று பாறைகள் பக்கவாட்டில் நழுவினவேயன்றிக் கடலடித்தரை பெரிதாக உயரவில்லை. ஆகவே, எவ்வளவு அதிர்ந்தது என்பதோடு, எத்திசையில் அசைந்தது என்பதையும் அறிதல் இன்றியமையாதது.

பனியாறுகளை ஆராய்வோரும் இதே இணைமுறையைக் கையாளுகின்றனர். கிரீன்லாந்தின் பனியாறுகள் ஐந்து அளவிலான நிலநடுக்க அலைகளை எழுப்புவது 2003இல் அறியப்பட்டது. பனியின்மேல் வைத்த ஜி.பி.எஸ். கருவிகள், முகப்பு உடைந்து விழும் அவ்வேளையில் பனியாறு திடீரென விரைவதைக் காட்டின. 2021 பிப்ரவரி 7 அன்று உத்தராகண்டின் சமோலியில் பாறையும் பனியும் சரிந்த அதிர்வையும் இமயமலை நிலநடுக்கமானிகள் பதிவு செய்தன.

நிலநடுக்கம் நிகழும் நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே சொல்லும் அறிவு மனிதனுக்கு இன்றுவரை கிட்டவில்லை. ஆனால் அந்தமான் வளைவில் எழும் அலை நம்மை அடைய இரண்டு மணி நேரத்திற்கும் மேலாகிறது. அவ்வவகாசம் 2004இல் வீணாயிற்று. இன்று அதன் முதற்சில நிமிடங்களைக் கருவிகள் பயன்படுத்திக்கொள்கின்றன. எஞ்சிய நேரத்தில் அச்செய்தி தேவனாம்பட்டினத்தின் கடைசி வீடுவரை சென்று சேர்வதும், கேட்டவர் மேட்டுநிலம் நோக்கி நகர்வதும் மனிதர் பொறுப்பாகும்.