வரப்புத் தகராறு தீர்ந்தது

அடுத்தடுத்த வயல்காரர்களுக்குள் வரப்புத் தகராறு வருவது உண்டு. நாடுகளுக்குள்ளும் அப்படித்தான்.

இந்தியாவுக்கும் வங்காளதேசத்துக்கும் இடையே உள்ள நில எல்லையின் நீளம் 4,096 கிலோமீட்டர். 1971-இல் வங்காளதேசம் விடுதலை பெற இந்தியா துணை நின்றது. இரு நாடுகளும் நண்பர்கள் ஆயின. ஆனாலும் எல்லையில் ஒரு பழைய சிக்கல் இருந்தது.

மேற்கு வங்காளத்தில் கூச்பிகார் என்ற மாவட்டம் உள்ளது. அதை ஒட்டிய எல்லைப் பகுதியில் சிறுசிறு நிலத்துண்டுகள் தீவுகள் போலக் கிடந்தன. இந்தியாவின் 111 துண்டுகள் வங்காளதேசத்துக்குள் இருந்தன. வங்காளதேசத்தின் 51 துண்டுகள் இந்தியாவுக்குள் இருந்தன. மன்னர் காலத்துப் பங்கீடு இது. நாடு பிரிந்த பிறகு இவை எல்லைக்கு அப்பால் மாட்டிக்கொண்டன. இவற்றை அங்குள்ள மக்கள் 'சிட்மகால்' என்று அழைத்தார்கள்.

சிட்மகால்களில் சுமார் 51,000 பேர் வாழ்ந்தார்கள். சுற்றிலும் அயல்நாடு. சொந்த நாட்டு அரசு அங்கே போக முடியவில்லை. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, மின்சாரம் எதுவும் சரிவரக் கிடைக்கவில்லை. பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க, வேறு ஒருவரைத் தகப்பன் என்று பொய்யாக எழுதிக் கொடுத்தவர்களும் உண்டு.

இதற்கு என்ன வழி? நிலத்துண்டுகளை மாற்றிக்கொள்வதுதான் வழி. 1974-இல் இந்திரா காந்தியும் ஷேக் முஜிபுர் ரகுமானும் அதற்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள்.

ஆனால் வேலை முடியவில்லை. இந்தியாவில் அரசியல் சட்டத்தைத் திருத்த வேண்டியிருந்தது. "நமக்கு நிலம் குறையுமே!" என்று எதிர்ப்பு எழுந்தது. அது உண்மைதான். சுமார் 10,000 ஏக்கர் குறையும்.

இழுபறி நீடித்தது. அதற்காக மற்றப் பேச்சுகள் நிற்கவில்லை. 1996-இல் கங்கை நீரைப் பங்கிட 30 ஆண்டு ஒப்பந்தம் ஏற்பட்டது. 2014-இல் கடல் எல்லை வழக்கில் தீர்ப்பு வந்தது. தகராறில் இருந்த கடலில் பெரும்பகுதி வங்காளதேசத்துக்குப் போனது. இந்தியா அதை ஏற்றுக்கொண்டது.

2015 மே மாதம் நாடாளுமன்றம் அரசியல் சட்டத்தைத் திருத்தியது. இரு அவைகளிலும் எதிர்த்து ஒரு ஓட்டுக்கூட விழவில்லை. 2015 ஜூலை 31 நள்ளிரவில் நிலங்கள் கைமாறின. எந்த நாட்டுக் குடிமகனாக இருப்பது என்பதை மக்களே முடிவு செய்தார்கள். 900-க்கும் மேற்பட்டோர் இந்தியாவுக்குக் குடிவந்தார்கள். மற்றவர்கள் இருந்த இடத்திலேயே இருந்தார்கள்.

எல்லாத் தகராறும் தீர்ந்துவிடவில்லை. தீஸ்தா ஆற்று நீர் பற்றிய பேச்சு அதன் பிறகும் நீண்டது. 2024-இல் வங்காளதேசத்தில் ஆட்சி மாறியபோது உறவில் கசப்பும் வந்தது. ஆனால் பேசித் தீர்த்த இந்த எல்லை குலையவில்லை.

1974-இல் சிட்மகாலில் பிறந்த குழந்தைக்கு, நாடு கிடைத்தபோது வயது 41. தகராறு நாடுகளுக்கு இடையேதான். தாமதத்தின் விலையைக் கொடுத்தவர்கள் அந்த மக்கள்.