பி.எப். பணமும் பத்து சதவீதமும்



டிப்ளமோ முடித்து இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், வல்லம் என்று வேலைக்குப் போகும் நம்மில் பலர் ஒரே கம்பெனியில் ஐந்து வருடம் நிற்பதில்லை. மாறும்போதெல்லாம், "பி.எப்.பை எடுத்துடு மச்சான், பைக்குக்கு முன்பணம் கட்டிடலாம்" என்று அறை நண்பன் சொல்வான். அந்தப் பணத்தை வருமான வரிக் கணக்கில் எப்படிக் காட்டுவது என்று அவன் சொல்ல மாட்டான். ஒரகடத்தில் பணிபுரியும் முன்னாள் மாணவன் என்ற முறையில் அதை இங்கே விளக்குகிறேன்.

ஐந்து வருடத் தொடர் பணி முடிந்து எடுத்தால் வரி இல்லை. அதற்கு முன் எடுத்தால் உண்டு. தொகை 50,000 ரூபாயோ அதற்கு மேலோ இருந்தால், 10 சதவீதத்தைப் பிடித்துக்கொண்டுதான் மீதியைத் தருவார்கள். பான் எண் கொடுக்காவிட்டால் 20 சதவீதம். 50,000-க்குக் கீழே பிடித்தம் இல்லை என்பதால் வரிக் கணக்கே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. பிடித்தம் வேறு, வரி வேறு.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். அடிப்படைச் சம்பளம் 12,000 ரூபாய். நம் பங்கு 12 சதவீதம், அதாவது 1,440. முதலாளியும் அதே 1,440 போடுகிறார். அதில் ஏறக்குறைய 1,000 பென்ஷன் கணக்குக்குப் போய்விடும். மீதி 440 பி.எப்.பில் சேரும். ஆக மாதம் 1,880. முப்பது மாதத்தில், வட்டியைத் தள்ளிவைத்தால், 56,400 ரூபாய். எடுக்கும்போது 5,640 பிடிபடும்.

இனி வரிக் கணக்கில் இதை நாலாகப் பிரிக்க வேண்டும். நாம் போட்ட 43,200 நம் சொந்தப் பணம். முன்பு சேமிப்புக் கழிவாகக் காட்டாதிருந்தால் அதற்கு வரி இல்லை. அதன் வட்டி, 'இதர வருமானம்'. முதலாளி போட்ட 13,200-ம் அதன் வட்டியும் 'சம்பளம்' என்ற தலைப்பில் வரும். எந்த வருடம் எவ்வளவு சேர்ந்தது என்று பார்த்து அந்தந்த வருடத்து வரியைக் கணக்கிடுவதுதான் சட்டத்தின் முறை. அதனால் பாஸ்புக்கைப் பத்திரமாக வைத்திருங்கள்.

கவனித்தீர்களா? வரிக்கு உட்படுவது சிறு பகுதி. பிடித்ததோ முழுத் தொகைக்கும்! நம்மைப் போன்ற சம்பளக்காரருக்குப் பல சமயம் வரியே வராது. ஆனால் ரிட்டர்ன் தாக்கல் செய்தால்தான் அந்த 5,640 திரும்பும். "நமக்கு எதுக்குப்பா ரிட்டர்ன்?" என்று விட்டுவிடுகிறவர்கள் அரை மாதச் சம்பளத்தை இழக்கிறார்கள். பிடித்த வரி உங்கள் பான் எண்ணில் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துத் தாக்கல் செய்யுங்கள். மொத்த வருமானத்துக்கு வரி வராது என்பது உறுதியானால், பிடித்தம் வேண்டாம் என்று முன்கூட்டியே உறுதிமொழிப் படிவம் தரலாம். நெடுங்காலம் 15ஜி என்று அறியப்பட்டது அதுதான். பொய்யாகத் தருவது குற்றம்.

ஒரு விலக்கும் உண்டு. நோய் காரணமாகவோ, கம்பெனி மூடப்பட்டோ, நம் கையில் இல்லாத காரணத்தாலோ வேலை போனால், ஐந்து வருடம் ஆகாவிட்டாலும் வரி இல்லை. 2014 நவம்பரில் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலையில் உற்பத்தி நின்றதை இந்த வட்டாரம் மறக்கவில்லை. அப்படி ஒரு நாள் வந்தால் வேலைநீக்கக் கடிதத்தில் காரணம் தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். 'தாமாக விலகினார்' என்ற வாசகத்தின் கீழ் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள்.

எல்லாவற்றையும் விட நல்ல வழி, பணத்தை எடுக்காமல் புதுக் கம்பெனிக்கு மாற்றுவது. 2014-ல் வந்த யு.ஏ.என். என்ற 12 இலக்க எண் ஒருவருக்கு ஒன்றுதான். மாற்றினால் பழைய பணிக்காலமும் ஐந்து வருடக் கணக்கில் சேரும். அப்ரண்டிஸ் சட்டப்படி பயிற்சி பெறும் காலத்துக்குப் பி.எப். கிடையாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

சிறுகச் சிறுகச் சேர்ந்த பணம். எடுத்தாலும் கணக்கோடு எடுங்கள், தோழர்களே!