வாயிற்கதவுக்கு அப்பால்: நூற்பாலை விடுதிகளும் பிள்ளைகளின் மனநலமும்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்குப் பேருந்தில் அரை மணி நேரந்தான். ஆனால் மகள் நூற்பாலை விடுதிக்குள்ளும் தாய் வாயிற்கதவுக்கு வெளியேயும் நிற்க நேர்ந்தால், அந்த அரை மணி நேரம் மாதக்கணக்காகிவிடுகிறது.

திருமணச் செலவுக்கு மொத்தத் தொகை தருவதாகக் கூறி வளரிளம் பெண்களை மூன்றாண்டு ஒப்பந்தத்தில் விடுதியில் அடைத்த சுமங்கலித் திட்டத்தை நாம் அறிவோம். 2011இல் சோமோ, ஐசிஎன் அமைப்புகள் வெளியிட்ட 'கேப்சர்டு பை காட்டன்' அறிக்கை, அவர்களுள் பெரும்பாலோர் தலித் பெண்கள் என்பதையும், குடும்பத்தோடு அவர்களுக்கிருந்த தொடர்பு வெகுவாகக் கட்டுப்படுத்தப்பட்டதையும் பதிவு செய்தது. இன்று திட்டத்தின் பெயர் அரிதாகவே ஒலிக்கிறது; விடுதியில் வைத்து வேலை வாங்கும் முறை நீடிக்கிறது.

"அடிக்கடி வீட்டோடு பேசினால் பிள்ளை ஏங்கிப்போகும், விட்டால் பழகிக்கொள்ளும்" என்பது இத்தகைய கட்டுப்பாட்டுக்குச் சொல்லப்படும் நியாயம். இது புதிதன்று. பெற்றோர் வந்து சென்றால் குழந்தைகள் அழுகின்றன என்று பிரிட்டிஷ் மருத்துவமனைகளும் ஒருகாலத்தில் பார்வை நேரத்தைச் சுருக்கின. 1952இல் ஜேம்ஸ் ராபர்ட்சன், மருத்துவமனையில் தனித்திருந்த இரண்டு வயதுச் சிறுமியைப் படமெடுத்தார். அவரும் ஜான் பௌல்பியும் பிரிந்த குழந்தை எதிர்ப்பு, விரக்தி, விலகல் என்னும் மூன்று நிலைகளைக் கடப்பதாக விளக்கினர். மூன்றாம் நிலையில் குழந்தை அமைதியாகிவிடும். தேறிவிட்டதென்று செவிலியர் மகிழ்வர். தாய் வந்தால் அது முகத்தைத் திருப்பிக்கொள்ளும். 1959இல் பிளாட் குழு கட்டுப்பாடற்ற பார்வை நேரத்தைப் பரிந்துரைத்தது. பதினைந்து வயதுப் பெண் இரண்டு வயதுக் குழந்தையல்லள். எனினும் அடங்கிப்போவதை நலமென்று பெரியவர்கள் படிக்கும் பிழை ஒன்றே.

பேச்சின் அளவைவிட அதன் தன்மை முக்கியம். வார்டன் அருகில் நிற்க, "சாப்பிட்டியா?", "சாப்பிட்டேன்ம்மா" என்று முடியும் அழைப்பில் எதுவும் சொல்லப்படுவதில்லை. மேற்பார்வையாளரின் வசவை மகள் மறைக்கிறாள். வட்டிக்காரர் வந்து போனதைத் தாய் மறைக்கிறார். ஒருவரையொருவர் காக்கும் முயற்சியில் இருவரும் தனித்துப்போகின்றனர். சொல்லாத துயரம் தூக்கமின்மையாகவும் தலைவலியாகவும் வயிற்றுவலியாகவும் வெளிப்படுகிறது. "தப்பு என்னிடந்தான்" என்ற எண்ணம் வேரூன்றுகிறது.

துணிந்து அவள் சொன்னாலும், "பொறுத்துக்கோம்மா, இன்னும் எட்டு மாசந்தான்" என்று பதில் வரக்கூடும். அடுத்த முறை அவள் சொல்லமாட்டாள். தாயைக் குறைகூறுவதற்கில்லை. இடையில் விலகினால் மொத்தத் தொகை போய்விடும் என்ற ஒப்பந்தமும், நிலமற்ற குடும்பத்தின் கடனுமே அவர் வாய்வழியே பேசுகின்றன.

இந்தியா 1992இல் ஏற்ற ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 9ஆம் பிரிவு, பிரிந்திருக்கும் குழந்தை பெற்றோருடன் முறையான நேரடித் தொடர்பு கொள்ளும் உரிமையை அங்கீகரிக்கிறது. மகளிர், குழந்தைகள் விடுதிகளை ஒழுங்குபடுத்த 2014ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டமும் உள்ளது. விருதுநகர் மாவட்ட நீதிமன்றம் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான் இயங்குகிறது. வழக்கு அங்கே வந்து சேர, முதலில் அப்பெண் யாரிடமாவது வாய்திறந்திருக்க வேண்டும்.

ஆய்வுக்குச் செல்லும் தோழர்கள் உணவையும் கழிப்பறையையும் பார்த்துத் திரும்பிவிடுகின்றனர். தொலைபேசி எங்கே இருக்கிறது, பேசும்போது அருகில் யார் நிற்கிறார், இரவு ஷிப்ட் முடித்தவள் எப்போது அழைக்கலாம், 1098 என்ற எண் சுவரில் எழுதப்பட்டிருக்கிறதா, அதை அழைக்கக் கருவி கையில் இருக்கிறதா என்பவற்றையும் கேட்டுக் குறித்துவர வேண்டும்.