உங்கட லப்டொப்பும் அலெக்ஸாண்ட்ரா பேலஸும்

இந்த வார எபிசோடில் லப்டொப் ஸ்கிரீன் எப்படி வேலை செய்கிறது என்று பேசினோம். நேரம் போதாமல் ஒரு கதையை விட்டுவிட்டேன். அது எங்கட லண்டனில் நடந்த கதை.

முதலில் ஒரு சோதனை. பிரிட்டிஷ் சேனல் ஒன்றின் ஃபுட்போல் மேட்சை லப்டொப்பில் போட்டுப் பாருங்கோ. கமரா மைதானத்தின் குறுக்கே திரும்பும்போது படம் லேசாகத் தட்டித் தட்டிப் போகும். வீட்டில் எல்லோரும் வைஃபையைத்தான் திட்டுவார்கள். பல நேரம் பிழை வைஃபையில் இல்லை, கணக்கில்.

லப்டொப்புக்குள் டிஸ்பிளே கன்ட்ரோலர் என்று ஒரு பகுதி இருக்கு. மெமரியில் உள்ள படத்தை இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாக, வரி வரியாக வாசித்து ஸ்கிரீனுக்கு அனுப்புவதுதான் அதன் வேலை. ஒரு வரியில் எத்தனை புள்ளி, மொத்தம் எத்தனை வரி, செக்கனுக்கு எத்தனை தடவை: இந்த மூன்றும் சேர்ந்தால் ஒரு வீடியோ மோட். சாதாரண லப்டொப்பில் 1920 புள்ளி, 1080 வரி, 60 தடவை.

இனி வூட் கிரீனுக்கு வாங்கோ. அங்கே குன்றின்மேல் நிற்கும் அலெக்ஸாண்ட்ரா பேலஸில் இருந்துதான் 1936 நவம்பர் 2 அன்று பிபிசி தன் டிவி சேவையைத் தொடங்கியது. இரண்டு முறைகளுக்கு இடையே போட்டி. ஒரு வாரம் இது, மறு வாரம் அது. ஜோன் லோகி பெயர்டின் முறையில் 240 வரி, செக்கனுக்கு 25 படம். மார்க்கோனி-ஈஎம்ஐ முறையில் 405 வரி. ஒற்றை வரிகளும் இரட்டை வரிகளும் மாறி மாறி, செக்கனுக்கு 50 தடவை. 1937 தொடக்கத்திலேயே பெயர்டின் முறை கைவிடப்பட்டது.

ஏன் 50? பிரிட்டனின் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதோடு ஒத்துப்போகாவிட்டால் அந்தக்கால டிவியில் நிழல் பட்டை ஊர்ந்து திரியும். அமெரிக்காவில் மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், அதனால் அங்கே டிவியும் 60. கொம்பியூட்டர் உலகம் அமெரிக்கா பக்கம் சாய்ந்தது. 1987-இல் ஐபிஎம் கொண்டுவந்த விஜிஏயின் 640 × 480 மோட் ஓடியதும் 60-இல்தான்.

இப்போ கணக்கைப் பாருங்கோ. செக்கனுக்கு 50 படம் வருது, ஸ்கிரீன் 60 தடவை காட்ட வேணும். அதனால் ஐந்து படத்துக்கு ஒன்று இரண்டு தரம் வரும். செக்கனுக்குப் பத்துத் தரம் படம் ஒரு கணம் தயங்கும். அந்தத் தட்டல் இதுதான்.

இன்னொரு மிச்சமும் இருக்கு. 405 வரியில் கண்ணுக்குத் தெரிந்தது 377 மட்டும். மீதி நேரம் கதிர் திரும்ப மேலே போவதற்கு. எச்டிஎம்ஐயில் போகும் 1080 மோடிலும் மொத்தம் 1125 வரி, 45 வெறுமை. இன்று கதிரே இல்லை. ஆனாலும் அந்த இடைவெளியில்தான் பழைய படத்தை எடுத்துப் புதியதை மாற்றுகிறார்கள். இல்லையென்றால் படம் நடுவில் கிழிந்த மாதிரித் தெரியும்.

சரி, என்ன செய்யலாம்? செட்டிங்ஸில் ரிஃபிரெஷ் ரேட்டைத் திறவுங்கோ. தன்னால் எந்த மோட் முடியும் என்று ஸ்கிரீனே கொம்பியூட்டருக்குச் சொல்லும்; அந்தப் பட்டியல்தான் அங்கே தெரிவது. 50 அல்லது 100 இருந்தால் மேட்ச் முடியும் வரை அதுக்கு மாற்றுங்கோ. இல்லையென்றால் எச்டிஎம்ஐ வயரால் டிவியில் கொழுவி 50-ஐத் தெரிவு செய்யுங்கோ. இங்கே விற்கும் டிவிகளுக்கு அது பழகின வேகம்.

வைஃபை பாவம், விடுங்கோ.