மதியிறுக்கத்தைக் கண்டறிவதில் குடும்ப மருத்துவரின் பங்கு

ஆட்டிசம் எனப்படும் மதியிறுக்கம் மூளை வளர்ச்சியில் ஏற்படும் வேறுபாடு ஆகும். பிறருடன் பழகுதல், பேச்சு, நடத்தை ஆகியவற்றில் இது வெளிப்படும். இதைக் காட்டும் இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ கிடையாது. குழந்தையைக் கவனித்தும் வளர்ப்பவர்களிடம் கேட்டுமே அறிய வேண்டும். ஆகவே, காய்ச்சலுக்கும் சளிக்கும் குழந்தையைப் பார்க்கும் குடும்ப மருத்துவரே இதை முதலில் ஐயுறக்கூடியவர்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

- 12 மாதமாகியும் மழலை ஒலி எழுப்பாமை, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை
- 16 மாதமாகியும் ஒரு சொல்கூடப் பேசாமை
- 24 மாதமாகியும் இரு சொற்களைச் சேர்த்துப் பேசாமை
- எந்த வயதிலும், பேசி வந்த பேச்சு நின்றுபோதல்

மருத்துவர் செய்ய வேண்டியவை

16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கு, எம்-சாட் என்னும் 20 கேள்விகள் கொண்ட பட்டியலைப் பயன்படுத்தலாம். இது ஐயத்தை மட்டுமே காட்டும், நோயறிதல் ஆகாது. காது கேட்கிறதா என்பதையும் சோதிக்க வேண்டும். "ஆண்பிள்ளை மெதுவாகத்தான் பேசும்" என்று திருப்பி அனுப்புவது, பயிற்சி நல்ல பலன் தரும் காலத்தை வீணாக்கிவிடும். ஐயம் இருந்தால் உடனே பரிந்துரைக் கடிதம் எழுதுவதே முறை.

எங்கே அனுப்புவது?

வைகை அணை, ஆண்டிபட்டிப் பகுதியினருக்கு அருகிலுள்ள பெரிய மருத்துவமனை, க. விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஆகும். 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ், நடமாடும் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளிலும் பள்ளிகளிலும் குழந்தைகளைப் பரிசோதித்து, தேவைப்படுவோரை மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்புகின்றன.

கம்பம் பள்ளத்தாக்கில் ஏலத்தோட்ட வேலைக்கு விடியலிலேயே கிளம்பும் பெற்றோர் பலர். பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்வது பாட்டி என்றால், அவரையும் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வது நல்லது.

உறுதிசெய்தலும் அதன் பிறகும்

வல்லுநர்கள் மதியிறுக்கத்துக்கான இந்திய மதிப்பீட்டு அளவுகோலைப் பயன்படுத்துகின்றனர். இதில் 40 கூறுகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 70க்குக் குறைந்தால் மதியிறுக்கம் இல்லை எனக் கொள்வர். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்கும் 21 வகைக் குறைபாடுகளுள் இதுவும் ஒன்று. எனவே சான்றிதழும் அடையாள அட்டையும் பெறலாம்.

பரிந்துரைத்ததோடு குடும்ப மருத்துவரின் பணி முடிவதில்லை. வல்லுநரிடம் போனார்களா, பயிற்சி தொடர்கிறதா என்று அடுத்த முறை கேட்க வேண்டும். தூக்கமின்மை, உணவு மறுப்பு, வலிப்பு ஆகியவற்றைக் கவனிப்பதும் அவர் பொறுப்பே. மருத்துவர் கேட்காவிட்டாலும், மனத்தில் உள்ள கவலையைப் பெற்றோர் தாமாகவே சொல்லிவிட வேண்டும்.