கணிப்பொறி "பெயர் இல்லை" என்றால்

தம்பானூர் என்பதைத் தமிழில் எழுத ஒரே வழிதான். ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால், நடுவிலுள்ள 'பா'வுக்கு ஒருவர் 'பஸ்'ஸின் எழுத்தைப் போடுவார். இன்னொருவர் 'பார்க்'கின் எழுத்தைப் போடுவார். ரயிலடிக்கு வழி கேட்பவருக்கு இரண்டும் ஒன்றே. கணிப்பொறிக்கோ இரண்டும் வெவ்வேறு ஊர்கள்.

சங்கத்தின் குடும்ப நல நிதி கேட்டு வரும் பெண்ணிடம், "உங்கள் அப்பா பெயர் பட்டியலில் இல்லையே" என்று சொல்லும் முன் இதை நினைவில் கொள்வது நல்லது. இத்தகைய பட்டியல்கள் பலவும் பிஎச்பி மொழியிலும் மைஎஸ்க்யூஎல் தகவல் தளத்திலும் ஓடுகின்றன. இரண்டுமே 1995-ல் வெளிவந்தவை.

'இல்லை'யில் இரண்டு வகை உண்டு. கேள்வி சரியாகப் போய், பொருந்தும் பெயர் ஒன்றுமில்லாதது ஒன்று. கேள்வியே பிழையாகி, தேடலே நடக்காதது மற்றொன்று. அவசரத்தில் எழுதிய நிரல் இரண்டுக்கும் ஒரே பதிலைக் காட்டிவிடும். டிசூசா என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவில் வரும் மேற்புள்ளியே போதும், கேள்வி உடைந்துவிடும். பெயரைக் கேள்வியோடு ஒட்டாமல் தனியாக அனுப்பினால் இந்தத் தொல்லை இல்லை. 2021-ல் வந்த பிஎச்பி 8.1 முதல் இத்தகைய பிழைகள் தாமாகவே வெளியே தெரிகின்றன. பழைய நிரலில் நாம்தான் கேட்டுப் பார்க்க வேண்டும்.

அடுத்து, அனுப்பிய கேள்வியை அப்படியே அச்சிட்டு, தகவல் தளத்திடம் நேரடியாகக் கேளுங்கள். அங்கே பத்துப் பெயர் வந்து திரையில் ஒன்பதே தெரிந்தால், நிரல் முதல் வரிசையை முன்பே எடுத்து வீணாக்கியிருக்கலாம். டெக்னோபார்க்கில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளுக்கு இது ஐந்து நிமிட வேலை.

தமிழ்ப் பெயர்களில்தான் சிக்கல் அதிகம். பெயருக்குப் பதில் வரிசையாகக் கேள்விக்குறிகள் வந்தால், இணைப்பின் எழுத்துமுறை யூடிஎஃப்-8 ஆக அமைக்கப்படவில்லை என்று சந்தேகிக்கலாம். காட்டும்போது மட்டும் அப்படியானால் எளிதில் திருத்தலாம். கேள்விக்குறியாகவே பதிவாகிவிட்டால் மீட்க வழியில்லை. பழைய கையெழுத்துப் பதிவேட்டைப் பார்த்து மறுபடி தட்டச்சு செய்ய வேண்டியதுதான். ஆகவே அதை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்!

இன்னொன்று, கண்ணை ஏமாற்றுவது. 'கௌரி' என்பதை ஔகாரக் குறியோடு எழுதுவதே சரி. சிலர் ஒற்றைக் கொம்பும் 'ள'கரமும் சேர்த்துத் தட்டிவிடுகிறார்கள். திரையில் பார்த்தால் ஏறக்குறைய ஒன்றே. ஆனால் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட்டுகள். சரியான கௌரியில் 4 குறிகள், 12 பைட்டுகள். மற்றதில் 5 குறிகள், 15 பைட்டுகள். பிஎச்பியில் நீளம் கேட்கும் கட்டளை இந்த எண்ணிக்கையைச் சொல்லிவிடும். 15 வரும் கௌரிகளைத் தேடித் திருத்தினால், காணாமற்போனவர்கள் பட்டியலில் தென்படுவார்கள்.