மோட்டார் வண்டியைப் பழுது பார்க்குமிடம்

மோட்டார் வண்டி வாங்க விரும்புவோர் அதன் நிறத்தையும் வேகத்தையும் பற்றிப் பல நாள் ஆராய்கின்றனர். பழுது நேரின் அதனை யாரிடம் ஒப்புவிப்பது என்பதையோ, வண்டி நடுவழியில் நின்ற பின்னரே எண்ணத் தலைப்படுகின்றனர். கம்பெனி ஏஜெண்டின் பணிமனையா, தெருக்கோடியிலுள்ள மெக்கானிக்கின் பட்டறையா என்னும் வினாவிற்கு, வண்டியின் வயதையும் பழுதின் இயல்பையும் அறியாது விடை கூறுதல் இயலாது.

உத்தரவாதக் காலம் கடவாத வண்டியைப் பற்றி ஐயமில்லை. ஏஜெண்டு இலவசமாகச் செய்து கொடுக்கும் வேலையைப் பிறரிடம் பொருள் கொடுத்துச் செய்வித்தல் பேதைமையே. தயாரிப்பிற் கண்ட குறையின் பொருட்டுக் கம்பெனியாரே வண்டிகளைத் திரும்ப அழைக்குங்கால் அங்கேதான் செல்லல் வேண்டும். விபத்திற் காக்கும் காற்றுப்பை முதலியவற்றின் வேலையும் அவர்பால் விடுதலே நன்று.

உத்தரவாதம் முடிந்தபின், எண்ணெய் மாற்றுதல், கிளச்சு மாற்றுதல் போன்ற வேலைகளைத் தேர்ந்த மெக்கானிக் குறைந்த கூலிக்குச் செவ்வனே முடிப்பார். மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டரில் கார்பன் பிரஷ் தேய்ந்தால், பணிமனையிற் பெரும்பாலும் உறுப்பு முழுவதையும் மாற்றுவர். பட்டறையில் அதனைப் பிரித்துப் பிரஷை மாத்திரம் மாற்றுவோர் உளர்.

ஆயின் இக்காலத்து வண்டி கணிப்பொறிகள் நிறைந்தது. எச்சரிக்கை விளக்கு எரிந்தால், சோதனைக் கருவியைப் பொருத்த ஒரு குறியெண் தோன்றும். அவ்வெண் நோயின் அறிகுறியேயன்றி நோயன்று. 'காற்று மிகுதி, எரிபொருள் குறைவு' என்று கருவி கூறுமாயின், ரப்பர்க் குழாய் வெடித்திருக்கலாம். பெட்ரோல் பம்பு தளர்ந்திருக்கலாம். காற்றை அளக்கும் உணர்கருவியில் அழுக்கேறியிருக்கலாம். இவற்றைச் சோதியாமல் விலையுயர்ந்த உறுப்பை உடனே மாற்றச் சொல்பவர், வெள்ளைச் சட்டை அணிந்தவராயினும் எண்ணெய்க் கறை படிந்தவராயினும், நம்பத்தக்கவரல்லர்.

பட்டறையார்க்கு இக்கருவிகளும் உறுப்புக்களும் கிடைத்தல் அரிதாயிருந்தமைக்கு அவர்தம் அறியாமை மாத்திரம் காரணமன்று. 2011ஆம் ஆண்டில் எழுந்த ஒரு முறையீட்டை விசாரித்த இந்தியப் போட்டி ஆணையம், 2014 ஆகஸ்டு 25ஆம் நாள், 14 கார்க் கம்பெனிகளுக்கு ஏறத்தாழ 2,545 கோடி ரூபாய் தண்டம் விதித்தது. உறுப்புக்களையும் சோதனைக் கருவிகளையும் வெளியார்க்குக் கிட்டாதபடி தடுத்தமையே குற்றம். வெளியே பழுது பார்த்தமை ஒன்றையே காட்டி உத்தரவாதத்தை முற்றும் இரத்துச் செய்தலாகாது. அவ்வேலையின் பிழையால் விளைந்த சேதத்தின் அளவிற்கே மறுக்கலாம் எனவும் அது கூறிற்று. கம்பெனியார் மேன்முறையீடு செய்தனர், அது நெடுங்கதை.

பட்டறையைத் தெரிந்து கொண்டோர் இரண்டு கேட்டல் வேண்டும்: ஒன்று, கழற்றிய பழைய உறுப்பு, மற்றொன்று, புதிய உறுப்பின் ரசீது. சென்னையில் ஜெனரல் பாட்டர்ஸ் சாலைக் கடைகளில் புதிய உறுப்புக்களும், புதுப்பேட்டையில் பழைய வண்டிகளினின்று கழற்றியவைகளும் விற்கப்படுகின்றன. கதவின் கைப்பிடியைப் பழையதாக வாங்குதலாற் கேடில்லை. பிரேக் பேடு அத்தகையதன்று. போலிகளும் மலிந்துள்ளமையின், முத்திரை உடையாத பெட்டியை மெக்கானிக் நம் கண்முன்னே பிரிக்கச் செய்து, பின்னரே அதனைச் சக்கரத்திற் பொருத்தவிடல் வேண்டும்.